மலேசியா, சிங்கப்பூருக்கு அம்மா அப்பாவை எப்படி அனுப்புவது? டூர், சொந்தக்காரர் வீடு, சொந்த ஏற்பாடு: எது பத்திரம்?

2023 டிசம்பரில் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்ததிலிருந்து, காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வெளிநாட்டுப் பயணப் பேச்சுத்தான். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேர் விமானம் இருக்கிறது. இங்கிருந்து ரயிலேறிச் சென்னை போய்ச் சேருகிற நேரத்தில் மலேசியாவுக்கே போய் இறங்கிவிடலாம். அதனால் இதுவரை பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் மட்டும் போய்வந்த பெரியவர்களும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை, சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி என்று முருகன் கோவில் பட்டியல் தயாராக இருக்கிறது.

பிள்ளைகளுக்குத்தான் குழப்பம். டூர் கம்பெனியோடு சேர்த்துவிடுவதா, அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் தங்கவைப்பதா, நாமே டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுக் கொடுத்துவிடுவதா? பெரும்பாலும் எது மலிவு என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். செலவை இங்கே ஓரமாக வைத்துவிடுகிறேன். 60 வயதைத் தாண்டியவர்கள் முதல்முறை வெளிநாடு போகும்போது பத்திரம் ஒன்றுதான் கேள்வி.

பத்திரம் என்றதும் திருட்டும் வழி தவறுவதும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவையும் நடக்கும். ஆனால் இந்த வயதுக்காரர்களுக்கு நான் அதிகம் பயப்படுவது குளியலறையில் வழுக்குவது, சர்க்கரை இறங்குவது, பிரஷர் மாத்திரையை விட்டுவிடுவது, வெயிலில் படியேறி மயங்குவது ஆகியவற்றுக்குத்தான். அதனால் மூன்று வழிகளையும் இரண்டே கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வந்தே ஆக வேண்டியவர் யார்? அந்த ஆளிடம் அப்பா வாய் திறந்து சொல்வாரா?

இந்த ஊர்க்காரர்களுக்கு முதல் கேள்வி புதிதில்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போன காலத்தில், பினாங்கிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ கிட்டங்கி, அதாவது நகரத்தார் கடையும் தங்கலுமாகச் சேர்ந்து வைத்திருந்த கட்டடம், இருந்தது. புதிதாக இறங்குகிறவருக்குப் படுக்க இடம், சமையல்காரர், காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். யாரிடம் போய் இறங்குவது என்பது கப்பலேறும் முன்பே தெரிந்திருந்தது. இப்போது பயணம் எளிதாகிவிட்டதால் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே டிக்கெட் போட்டுவிடுகிறோம்.

டூர் கம்பெனியோடு போவது

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் வராதவர்களுக்கு விமான நிலையமே ஒரு மலைப்பு. அங்கே கூட ஒருவர் நிற்பது பெரிய பலம். குடிநுழைவுக் கவுண்டரில் என்ன கேட்பார்கள், பெட்டி எந்த வளையத்தில் வரும், பஸ் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். ஹோட்டல் வாசலில் ஏறிக் கோவில் வாசலில் இறங்குவதால் தெருவில் பையைப் பறிகொடுக்கும் வாய்ப்பும் குறைவு. கூட வருகிறவர்கள் எல்லாம் தமிழ் பேசுகிறவர்கள், சாப்பாடும் நம் சாப்பாடு. முதல் பயணத்துக்கு இதைத் தப்பான தேர்வு என்று யாரும் சொல்ல முடியாது.

உடம்பு ஈடுகொடுக்குமா என்பதுதான் சந்தேகம். ஒரே வாரத்தில் கோலாலம்பூர், கெந்திங், சிங்கப்பூர் மூன்றையும் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருப்பார்கள். அதனால் விடியும் முன்பே எழுப்புவார்கள். பத்துமலையில் 272 படி. அதை உச்சி வெயிலில், இத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஏற வேண்டியிருக்கும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பஸ்ஸில் போனால் 350 கிலோமீட்டர். நடுவில் ஜொகூர் எல்லையில் இரண்டு முறை இறங்க வேண்டும். மலேசியாவை விட்டு வெளியேற ஒரு வரிசை, சிங்கப்பூருக்குள் நுழைய இன்னொரு வரிசை. விடுமுறை நாளென்றால் நிற்கும் நேரத்துக்குக் கணக்கே இல்லை.

எங்கள் தெருவிலிருந்து போன ஒரு பெரியவருக்கு அந்த வரிசையில்தான் சர்க்கரை இறங்கிவிட்டது. காலையில் மாத்திரை போட்டவர், பஸ் கிளம்புகிற அவசரத்தில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். டூர் மேனேஜர் வரிசையின் முன்பக்கம் மற்றவர்களோடு இருந்தார். இவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, நாக்குக் குழறியபோது, பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மா கைப்பையிலிருந்து கல்கண்டு எடுத்து வாயில் போட்டுத் தேற்றியிருக்கிறார். மேனேஜர்மேல் தப்புச் சொல்ல முடியாது. முப்பது நாற்பது பேருக்கு ஒருவர் இருந்தால் அவ்வளவுதான் பார்க்க முடியும்.

ஆகவே பணம் கட்டும் முன் கம்பெனியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "எங்க அப்பாவை அங்கே ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வந்தா, உங்க ஆள் பஸ்ஸோட போவாரா, அப்பாவோட இருப்பாரா?" ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களிடம் இதற்கு விடை தயாராக இருக்கும். அந்த ஊரில் தங்களுக்கு இருக்கும் ஏஜென்ட் யார், எந்த நம்பர், யார் வந்து கூட நிற்பார்கள் என்று சொல்வார்கள். அதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, நாங்க எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கோம்" என்று பதில் வந்தால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.

எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரே பையில் மேனேஜர் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. அந்த ஒரு பை தொலைந்தால் அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். ஹோட்டலில் அறை எடுக்கக் கேட்டால் கொடுக்கட்டும், பதிவு முடிந்ததும் திரும்ப வாங்கிவிடட்டும். இதை அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். அப்பாக்கள் பெரும்பாலும் "அவரே வச்சிருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள்.

சொந்தக்காரர் வீடு

செட்டிநாட்டுக் குடும்பங்களில் பலருக்கும் இந்த வசதி உண்டு. கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ சித்தப்பா வழிப் பேரன் இருப்பார், சிங்கப்பூரில் அக்கா மகள் இருப்பாள். என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அந்த ஊர்ப் பாஷை தெரிந்தவர், எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று தெரிந்தவர், கார் வைத்திருப்பவர் அடுத்த அறையில் படுத்திருப்பார். சாப்பாடும் மாத்திரையும் வேளைக்கு நடக்கும். உடம்பு முடியாத நாளில் வெளியே போகாமல் இருந்துகொள்ளலாம். டூரில் அது முடியாது.

ஆனால் இரண்டாவது கேள்வியில் இந்த வழி தடுக்கி விழுகிறது. வாய் திறந்து சொல்வார்களா என்றால், பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். "பாவம், அதுகளே காலையில வேலைக்கு ஓடுதுக. நாம வேற எதுக்குத் தொந்தரவு கொடுக்க?" என்று நெஞ்செரிச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் வித்தியாசம் பார்க்காமல் இஞ்சிக் கஷாயம் குடித்துப் படுத்துக்கொள்வார்கள். சம்பந்தி வழி வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மரியாதைக்காக வலியை மறைப்பது நம் பெரியவர்களிடம் ஊறிப்போன குணம். அன்னிய ஊரில் அது உயிரையே வாங்கிவிடக்கூடும். மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒன்றில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. கிளம்பும் முன் வீடியோ காலில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பிள்ளைகள் நேரடியாகப் பேசிவிட வேண்டும். "அப்பாவுக்கு ராத்திரியில சுகர் இறங்கும். அப்படி ஆனா உங்களை எழுப்புவார். எழுப்பலைன்னா எங்களுக்குக் கோபம் வரும்" என்று அப்பா காதில் விழவே சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர் "கட்டாயம் எழுப்புங்க மாமா" என்று தன் வாயால் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

தினமும் போன் செய்யும்போதும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்காதீர்கள். அதற்கு "நல்லா இருக்கோம்" என்ற ஒரே பதில்தான் வரும். காலையில் சர்க்கரை எவ்வளவு காட்டியது, மாத்திரைப் பட்டையில் எத்தனை மிச்சம், நேற்று எத்தனை முறை வெளியே போனீர்கள் என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வெளியே வரும். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். நாம் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அவர்களுக்குப் பதினொன்றரை. சாயங்காலம் ஆறு மணியை வைத்துக்கொள்வது நல்லது.

பகலில் வீடு காலியாக இருப்பது இன்னொரு விஷயம். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் இவர்கள் பத்தாவது மாடியில் தனியாக இருப்பார்கள். முகப்பும் வளவும் (வாசல்கட்டும் உள்முற்றமும்) திறந்து கிடக்கிற வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடு பழகாது. கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், லிஃப்டுக்கு அட்டை வேண்டும், அடுப்பு வேறு மாதிரி இருக்கும். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகள் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் பிளாக் எண்தான் அடையாளம். வந்த அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் இவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய், இவர்களே லிஃப்ட் ஏறி, எண் பார்த்து, கதவைத் திறந்து வரும்படி ஒருமுறை செய்ய வைக்க வேண்டும். அவர் பின்னால் நின்று பார்த்தால் போதும்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு ரூம் இருக்கு, நாளைக்கு இவ்வளவு கொடுத்தாப் போதும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அங்கே தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்கும், அரசு அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். விருந்தாளியாகத் தங்குவது வேறு, காசு கொடுத்து நாலு நாள் தங்குவது வேறு. அப்படித் தங்கிய இடத்தில் ஏதாவது நடந்தால் போலீசுக்குப் போகவே பயப்பட வேண்டியிருக்கும்.

நாமே போடும் ஏற்பாடு

இங்கே வேகம் நம் கையில். பத்துமலைக்கு வெயில் ஏறும் முன் போய்வரலாம், மத்தியானம் படுக்கலாம், முடியவில்லையென்றால் அன்றைய நாளை விட்டுவிடலாம். பிள்ளைகளில் ஒருவர் கூடப் போவதாக இருந்தால் மூன்றிலும் இதுதான் சிறந்தது என்பேன். பெரியவர்கள் இருவர் மட்டும் என்றால் யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் இந்த வழியில் எல்லாமே போனை நம்பி இருக்கிறது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிராப் செயலியில் வண்டி கூப்பிட்டால், காரின் எண்ணும் ஓட்டுநர் பெயரும் கட்டணமும் முன்பே தெரிந்துவிடும். விமான நிலைய வாசலில் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று பெட்டியைத் தூக்குகிறவரோடு போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் செயலியைத் திறக்கத் தெரிய வேண்டும், அந்த ஊர் சிம் போட வேண்டும். நம் சிம்முக்கு ரோமிங் திறந்து வைக்காவிட்டால் வங்கியின் ஓடிபி வராது. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக மூடித்தான் இருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். இவ்வளவையும் அப்பா தனியாகச் செய்வாரா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலைப் பிடிக்கும்போது எல்லோரும் விலையையும் படத்தையும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது 24 மணி நேரமும் வரவேற்பு மேசையில் ஆள் இருக்கிறாரா என்று. மலிவான இடங்கள் பலவற்றில் இப்போது வாசல் கதவுக்கு ஓர் எண்ணைப் போனில் அனுப்பிவிடுகிறார்கள். நாமே திறந்து நாமே படுத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே யாரும் வர மாட்டார்கள். பெரியவர்களுக்கும், தனியாகப் போகும் பெண்களுக்கும் அது சரிப்படாது. தனியாகப் போகும் பெண்கள் ரயில் நிலையத்திலிருந்து வெளிச்சமான தெருவில் நடந்து போகும் தூரத்தில் அறை பிடித்தால், ராத்திரி வண்டி தேடும் வேலையும் குறையும்.

கோலாலம்பூர்த் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறிப்பது பழைய தொல்லை. நம் ஊரில் செயின் பறிப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடக்க வேண்டும். பை தோளின் உட்பக்கம், கடைகள் இருக்கும் பக்கமாகத் தொங்க வேண்டும். பறித்தால் விட்டுவிட வேண்டும். இழுத்துப் பிடித்தால் தரையில் தேய்த்துக்கொண்டு போவார்கள். கழுத்தில் கனமான சங்கிலி வேண்டவே வேண்டாம். போட்டுத்தான் போவேன் என்றால், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது "இதை அங்கேதான் வாங்கினீர்களா?" என்ற கேள்வி வராது.

எந்த வழியில் போனாலும் பெட்டி

பெட்டி கட்டும்போது நீங்கள் அவசியம் பக்கத்தில் இருங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம் என்றதும் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) பழைய துணியை விரித்துச் சாமான் குவிய ஆரம்பிக்கும். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் எல்லாம் சரி. சிக்கல் அடுத்த பைகளில் இருக்கும். கோழிக் குழம்புக்கு வறுத்து அரைத்த பொடியும், தனியாகக் கால் கிலோ கசகசாவும் இருக்கும். நம் சமையலில் கசகசா இல்லாமல் குருமா இல்லை. ஆனால் அது அபினிச் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரில் அதைக் கொண்டுபோகத் தடை உண்டு. துபாய் உள்ளிட்ட அமீரகத்தில் இன்னும் கடுமை, ஜெயிலுக்கே போக நேரும். பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். கசகசா போடாத பொடியாக அரைத்துக் கொடுங்கள்.

அப்புறம் உப்புக்கண்டம். இறைச்சியை அப்படிக் கொண்டுபோக இரண்டு நாட்டிலும் கட்டுப்பாடு உண்டு, அதனால் இங்கேயே விட்டுவிடட்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாலும் தப்புத் தப்புத்தான்.

மாத்திரையைப் பட்டையோடு கொண்டுபோக வேண்டும். சின்ன டப்பாவில் கொட்டிக்கொண்டு போனால் எது என்னவென்று யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப்பெயரோடு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கைப்பையிலேயே வையுங்கள், பெரிய பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் மருந்து நிற்காது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால், அந்த நாட்டில் முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. திருச்சி விமான நிலைய வரிசையில் வயதான தம்பதியைப் பார்த்ததும் ஒருவர் பக்கத்தில் வருவார். "அம்மா, எனக்கு வெயிட் கூடிப்போச்சு. இந்த ஒரு பையை மட்டும் நீங்க எடுத்துட்டு வாங்க, அங்கே என் தம்பி வந்து வாங்கிக்குவான்" என்பார். திரும்பி வரும்போதும் இதே கதை நடக்கும். குருவிகள் என்று நாம் சொல்கிற ஆட்களின் வழக்கமான வேலை இது. பையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, ஆனால் யார் கையில் இருந்ததோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. மலேசியாவில் 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கினார்கள் என்றாலும், நீதிபதி விதிக்க இன்னும் இடம் இருக்கிறது. இரக்கப்பட்டு உதவும் மனசுள்ளவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். "எங்க பையனுக்குக் கோபம் வரும், முடியாதுப்பா" என்று சொல்ல அம்மாவைப் பழக்குங்கள். ஊர்க்காரர் தரும் பொட்டலமாக இருந்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

காப்பீடும் காகிதங்களும்

டூர்க்காரர்கள் "இன்சூரன்ஸ் பேக்கேஜிலேயே இருக்கு" என்பார்கள். பாலிசிக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பலவற்றில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு இடமே இருக்காது, அல்லது உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் ஒரு சின்னத் தொகை இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் "அங்கே நம்ம ஆள் இருக்காங்களே" என்று காப்பீடே எடுப்பதில்லை. மூன்று வழியிலும் இதுதான் பெரிய ஓட்டை. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு அரசு மானியம் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நம் தலையில்தான் விழும். அந்தச் சொந்தக்காரர் அதைக் கட்ட முடியாமல் தவிப்பதை நினைத்துப் பாருங்கள். படிவத்தில் சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் உள்ளபடி எழுத வேண்டும். பிரீமியம் கூடும் என்று மறைத்தால், பணம் கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள்.

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேருவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும், மலேசிய விலக்கும் காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படுவது என்பதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வழியில் துபாயையும் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சேதி. நம் பெரியவர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கும், இன்னொரு கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்பதில் அமீரகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, டிக்கெட் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்கேயே போலீசில் எழுதிக் கொடுத்து நகல் வாங்க வேண்டும். பிறகு இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கேட்டால், அதை வைத்து ஊர் திரும்பலாம். பாஸ்போர்ட்டின் நகல் பெட்டியில் ஒன்று, உங்கள் போனில் ஒன்று இருந்தால் இந்த வேலை பாதியாகும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

அங்கே நெருங்கிய சொந்தம் இருந்தால், முதல் பயணத்துக்கு அந்த வீட்டில் இறங்குவதுதான் என் தேர்வு. நெருங்கிய என்றால், அப்பா உரிமையோடு கோபித்துக்கொள்ளக்கூடிய உறவு. அண்ணன் மகனோ தங்கை மகளோ என்றால் வாய் திறப்பார், மருமகளின் சித்தப்பா வீடு என்றால் திறக்க மாட்டார். அங்கே நாலைந்து நாள் இருந்து உடம்பு பழகிய பிறகு, பினாங்கையோ வேறு ஊரையோ அந்த ஊர் டூர்க்காரரோடு இரண்டு நாளில் பார்த்து வரலாம். சுற்றிப் பார்க்கிற வசதியும் கிடைக்கும், திரும்பி வந்து படுக்க வீடும் இருக்கும்.

தூரத்துச் சொந்தம்தான் இருக்கிறது என்றால் நான் டூருக்குத்தான் அனுப்புவேன். காசு வாங்கியவரிடம் "தம்பி, எனக்கு முடியலை, பஸ்ஸை நிறுத்து" என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம் குறைவு. ஆனால் ஒரே நாட்டை மட்டும் காட்டும் டூராகப் பார்ப்பேன், எல்லை தாண்டும் பஸ் இல்லாததாக. சொந்த ஏற்பாட்டைப் பிள்ளை கூடப் போகும்போதோ, அப்பா அம்மா ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த பிறகோ வைத்துக்கொள்ளலாம்.

எப்படிப் போனாலும் பகலில் போய் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இருவரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் ஓர் அட்டை இருக்கட்டும். தங்கும் இடத்தின் முகவரி, அங்கே கூப்பிட வேண்டியவரின் எண், உங்கள் எண், ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண் எல்லாம் ஆங்கிலத்தில் அதில் இருக்க வேண்டும். மலேசியாவில் எதற்கும் 999. சிங்கப்பூரில் போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. இந்த எண்களைப் பின்பக்கம் பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமலே தெரிகிற அளவுக்கு எழுதிவிடுங்கள்.